கார் நிற்கும் இடத்தில் ஒரு கப்பல்

இது நடந்த மாதம் எனக்குச் சரியாக நினைவில்லை. மழைக்காலம் என்று ஷர்மினி சொல்கிறாள். வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறான் அவள் கணவன் மகேஸ்வரன். அவமானப்பட்ட நாள் எல்லாருக்குமே வெயிலடித்த நாளாகத்தான் தங்கிவிடுகிறது என்பதால், அவன் சாட்சியை நான் முழுதாக நம்புவதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மலேசியாவின் குளுவாங்கில் தன் வீட்டு முன்னால் கார் நிற்கும் இடத்தில், அவன் முட்டி போட்டுச் சிமெண்டுத் தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு கப்பல் ஒட்டிக்கொண்டிருந்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"அப்பா, இது வாழைப்பழமா?" என்று கேட்டாள் அவன் மகள் தேன்மொழி. ஏழு வயது.

"கப்பல். நீ உள்ள நில்லு. இதுதான் கிட்ஸ் கிளப். நான் கேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவேன். நீ இங்கயே விளையாடணும். என்னைத் தேடக்கூடாது."

"நீங்க அந்தப் பக்கம் போயி என்ன செய்வீங்க?"

மகேஸ்வரன் யோசித்தான். அதைப் பற்றி அவன் திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை.

"சும்மா நிப்பேன்."

தேன்மொழி கப்பலுக்குள் போய் நின்றாள். அவன் கேட்டைச் சாத்திவிட்டு வெளியே போய்ச் சாக்கடை ஓரமாக, ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி நின்றான். தலையைத் திருப்பியபோது அவள் பக்கத்தில் இருந்தாள்.

"உள்ள வாங்கப்பா. கொசு கடிக்கும்."

விஷயம் இதுதான். ஷர்மினியின் அண்ணன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் பொறியாளர். தன் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காகக் குடும்பம் மொத்தத்தையும் கப்பலில் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் பயணம். கப்பலில் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கிளப் உண்டு. காலையில் விட்டால் சாயங்காலம் வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பெரியவர்கள் நிம்மதியாகக் கடலைப் பார்க்கலாம். ஷர்மினி அரசாங்க மருத்துவமனையில் தாதி. தூக்கத்தில்கூட யாருக்கோ ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருப்பவள். நிம்மதியாகக் கடலைப் பார்க்கலாம் என்று கேட்டதிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. ஆனால் கணவனிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மலாக்காவுல நடந்த மாதிரி இன்னொரு தடவை நடந்துச்சுன்னா என்னால அண்ணி முகத்துல முழிக்க முடியாதுங்க. ஞாயித்துக்கிழம அண்ணன் பாஸ்போர்ட் வாங்க வர்றாரு. தேனு தனியா நிப்பான்னு அதுக்குள்ள உறுதியா தெரிஞ்சா போவோம். இல்லன்னா லீவு கெடைக்கலன்னு சொல்லிடறேன்."

லீவு கிடைக்கவில்லை என்று சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போய்விட்டது. மகேஸ்வரனுக்கு அது தாங்கவில்லை.

மலாக்காவில் நடந்தது இது. போன வருடம் இரு குடும்பமும் ஒரு ஹோட்டலில் தங்கின. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் விளையாடக் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை இருந்தது. தேன்மொழியை அதில் விட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மச்சான் வீட்டாரோடு பேச ஒன்றும் தோன்றாததால் மகேஸ்வரன் சீக்கிரமே எழுந்து வந்து, வரவேற்பறையில் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்ததுதான் தாமதம், பிள்ளை கதவைத் தட்டிக் கூச்சல் போட்டு, ஹோட்டலையே இரண்டாக்கிவிட்டு ஓடிவந்து அவன் மடியில் ஏறிக்கொண்டது. "பிள்ளைய ரொம்பக் கைக்குள்ளேயே வச்சிட்டீங்க ஷர்மினி" என்றாள் அண்ணி நர்மதா. அவ்வளவுதான் சொன்னாள். ஷர்மினி ஊர் வந்து சேரும்வரை காரில் வாய் திறக்கவில்லை.

பள்ளியிலும் அதே கதை. ஒன்றாம் ஆண்டு தொடங்கியபோது எல்லா அப்பாக்களும் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஒரு வாரத்தில் மற்றவர்கள் கரைந்துபோனார்கள். மகேஸ்வரன் மட்டும் நின்றான், ஏனென்றால் ஓய்வு நேரத்தில் தேன்மொழி நேராக வேலிக்குத்தான் வருவாள். தன் நாசி லெமாக் சோற்றில் பாதியைக் கம்பி இடுக்கில் நீட்டி, "சாப்பிடுங்க" என்பாள். அவன் போய்விடாமலிருக்கப் பிள்ளை கொடுக்கும் லஞ்சம் என்று நினைத்து, அவன் தலையைக் குனிந்துகொண்டு அதைச் சாப்பிடுவான்.

குனிந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். மகேஸ்வரன் செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் எண்ணெயின் தரம் பார்க்கிறவன். எண்ணெய் பேசாது; அவனும் பேசமாட்டான்; இருவருக்கும் ஒத்துப்போயிற்று. அந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து வருடங்கள் ஆகியும் அக்கம்பக்கத்தார் பெயர் அவனுக்குத் தெரியாது, கார் நம்பர்தான் தெரியும். தன் நோய் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவன் நம்பினான். ஷர்மினியிடம் இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கும் கூச்சம்.

கப்பலில் ஒரே ஒரு பிள்ளை இருந்தால் அது எப்படிக் கிளப் ஆகும் என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவனுக்குத் தோன்றியது. கைப்பேசியை எடுத்து, தாமானின் வாட்ஸ்அப் குழுவில் மலாயில் ஒரு செய்தி போட்டான். நாளை காலை எங்கள் வீட்டில் கிட்ஸ் கிளப், பிள்ளைகளை அனுப்பலாம்.

சிறிது நேரத்தில் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுக் கமலாட்சி அக்கா நின்றிருந்தாள்.

"தம்பி, உங்க போன யாரும் திருடிட்டாங்களா?"

"இல்லக்கா."

"நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமாக்கா."

கமலாட்சி அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஷர்மினி காலை வேலைக்குப் போனதும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முதலில் பக்கத்துவீட்டு மலாய்க்காரப் பாட்டி கக் ரோஸ் தன் இரட்டைப் பேரன்களைக் கேட்டுக்குள் தள்ளி, பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுகிறேன் என்று மலாயில் சொல்லிக்கொண்டே காரைக் கிளப்பினாள். மூலைவீட்டுச் சீனக் குடும்பம் தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தையையும் பால் புட்டியையும் விட்டுப்போனது. பெயர் தெரியாத, கார் நம்பர் மட்டும் தெரிந்த வீடுகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டியோடு வந்து இறங்கினார்கள். அந்தப் பெற்றோர் எவரும் காரை விட்டு இறங்கவில்லை. கடைசியாகக் கமலாட்சி அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும், கூடவே மாமனார் அய்யாவுவையும் கைப்பிடித்து அழைத்துவந்தாள்.

"மாமாவுக்கும் வீட்ல போரடிக்குதாம் தம்பி. ஒரு ஓரமா உக்காந்துக்குவாரு. சீனி மட்டும் குடுத்துறாதீங்க."

"அக்கா, இது பிள்ளைங்களுக்கு..."

"அவரும் பிள்ள மாதிரிதான் லா" என்று அக்கா போய்விட்டாள்.

அய்யாவு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கப்பலின் மூக்கில் உட்கார்ந்தார். "கப்பல் எங்க போவுது?" என்றார்.

மகேஸ்வரன் இணையத்தில் பார்த்து வைத்திருந்தபடி ஓவியம், புதையல் வேட்டை என்று தொடங்கினான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. இரட்டையரில் ஒருவன் கப்பலின் ஒரு பக்கத்தை உரித்துத் தன் தம்பியைச் சுற்றினான். ஆனால் அதிசயம், தேன்மொழி அழவில்லை, ஒண்டவில்லை. கிளப் அடையாளமாகப் பிள்ளைகளின் கையில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டாள். சண்டையை விலக்கினாள். கைக்குழந்தைக்கு விசிறினாள். மகேஸ்வரன் நடுவில் நின்று அய்யாவுவின் பழைய லாரிக் கதைகளுக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரமாக மகள் தன் பக்கம் திரும்பவே இல்லை என்பதைக் கவனித்தபோது அவன் நெஞ்சு விம்மியது. இப்போது நான் விலகவேண்டும், அதுதானே பரீட்சை என்று நினைத்துச் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனான்.

உள்ளே கால் வைத்தானோ இல்லையோ, தேன்மொழி வாசலில் நின்றாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"தண்ணி குடிக்கிறேன்."

"கிளாஸ் எங்க?"

அவளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அவள் அங்கேயும் வந்தாள்.

"துணி காஞ்சிருச்சான்னு பாக்குறேன்."

"துணியே போடலயேப்பா."

மகேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூன்று பக்கமும் சுவர் உள்ள வீட்டிலேயே இப்படியென்றால் கடலில் என்ன கதி? அவன் குனிந்து அவள் தோளைப் பிடித்தான்.

"தேனு, நீதான் இந்தக் கப்பலுக்குக் கேப்டன். கேப்டன் என்ன நடந்தாலும் கப்பல விட்டு வெளிய வரக்கூடாது. சரியா? அப்பா கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவள் உதட்டைக் கடித்தாள். அவன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அய்யாவுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கைப்பேசியை எடுக்கக்கூட மறந்து மோட்டாரில் ஏறினான்.

தாமான் முனையில் கடை வரிசையில் ஒரு காப்பிக்கடை. மூலை மேசை. கடைக்காரர் பேசாதவர், அதனாலேயே அவனுக்குப் பிடித்த கடை. முன்னால் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. ஒரு பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. அவன் அதில் கால் நீட்டிப் படுப்பதுபோல உட்கார்ந்திருந்தான். ஊரார் பெற்ற பிள்ளைகளை ஒரு கிழவரை நம்பி விட்டுவந்திருக்கிறோமே என்று அவனுக்கு உறைத்தபோது கோப்பி முழுதாக ஆறியிருந்தது.

எழுந்தான். எதிரே சாலையில் ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது.

டேப்பை மொத்தமாகத் தரையிலிருந்து உரித்து, வளையமாக ஒட்டி, அதற்குள் எல்லாப் பிள்ளைகளும் இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முன்னால் தேன்மொழி. பின்னால் தள்ளுவண்டியோடு அய்யாவு. இரண்டு லாரிகளும் ஒரு பள்ளி வேனும் அவர்களுக்காக நின்றிருந்தன.

"கேப்டன் கப்பல விட்டு வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றான் மகேஸ்வரன்.

"விட்டு வரல. கப்பலக் கொண்டாந்துட்டோம்."

அவள் மேசையைப் பார்த்தாள், காலி நாற்காலிகளைப் பார்த்தாள், பிறகு அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகளும் ஏறினார்கள். பேசாத கடைக்காரர் முதல்முறையாக வாய் திறந்து, "எல்லாம் உங்களோடதா?" என்று கேட்டார்.

"ஒரு கோப்பி" என்றார் அய்யாவு. "சீனி தூக்கலா."

பிள்ளைகளை வெறும் வாயோடு நடத்திக் கூட்டிப்போக மனம் வராமல் எல்லாருக்கும் குடிக்க மைலோ சொன்னான். அதுதான் தப்பு. அந்த நேரத்தில் பாசாரிலிருந்து பெற்றோர் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கேட் திறந்து கிடந்தது. தரையில் டேப் கிழிந்த அடையாளமும் ஒற்றைச் செருப்பும்தான் இருந்தன. மகேஸ்வரனுக்குப் போட்ட அழைப்பெல்லாம் வீட்டுக்குள்ளேயே மணியடித்தது. யாரோ மருத்துவமனைக்குச் சொல்லி, ஷர்மினி சீருடையோடு பறந்து வந்தாள். அவள் வந்து இறங்கியபோது அவளுக்குப் பின்னால் சிங்கப்பூர் நம்பர் போட்ட ஒரு கார் வந்து நின்றது. எல்லைப் பாலத்தில் இன்று நெரிசலே இல்லையென்று கேள்விப்பட்டு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் ரூபேந்திரன். யாரும் சிரிக்கவில்லை.

மகேஸ்வரன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு, மைலோ மீசை வைத்த ஊர்வலத்தோடு தெருவுக்குள் திரும்பினான். கக் ரோஸ் ஓடிவந்து பேரன்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். கமலாட்சி அக்கா மாமனாரின் வாயை முகர்ந்து பார்த்து, "சீனி" என்றாள். கைக்குழந்தையின் அம்மா தள்ளுவண்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்புத்தான் அவனை அதிகம் அறுத்தது.

நர்மதா எல்லாவற்றையும் பார்த்தாள். "என்ன ஷர்மினி இது? கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இவ்ளோ ஆட்டமா?"

ஷர்மினி தரையைப் பார்த்தாள். அவள் வாயில் லீவு கிடைக்கவில்லை என்ற சொற்கள் திரண்டு வருவதை மகேஸ்வரன் கண்டான். தன் வாழ்நாளில் பத்துப் பேருக்கு முன்னால் பேசியிராதவன் அப்போது பேசினான்.

"ரிஹர்சல் மச்சான். கிட்ஸ் கிளப்புக்கு. தேனு தனியாவே எல்லாரையும் பாத்துக்குவாளான்னு சோதிச்சோம். நான் தூரத்துலேர்ந்து கவனிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாம் திட்டம் போட்டதுதான்."

ரூபேந்திரன் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணினார்.

"இத்தன பிள்ளைங்களையும் இவளா நடத்திட்டு வந்தா?" என்றார் ரூபேந்திரன். "மாப்ள, பிரமாதம். நம்ம பொண்ணு கப்பல்ல கலக்கிருவா. பாஸ்போர்ட்ட எடுங்க."

அவர்கள் போனபிறகு ஷர்மினி அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"பொய்தான?"

"ஆமா."

"கப்பல்ல அவ அழுதா?"

"நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியாது. கப்பல் ஏறிய முதல் காலை, ஷர்மினி மேல்தளத்துக்குப் போனதும், அவன் கிளப்பின் முகப்பு மேசைக்குப் போனான். அங்கே இருந்த பெண்ணின் பெயர் புஷ்பவள்ளி, அதே மாநிலத்து மெர்சிங் ஊர்க்காரி. நம்ம ஊர்ப் பிள்ளைதான் என்றதும் அவனுக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தினான்.

"மக தனியா நிக்கமாட்டாம்மா. கத்திருவா. நான் இந்தக் கதவுக்கு வெளியவே உக்காந்துக்கலாமா? எங்க வீட்டு ஆளுங்களுக்குத் தெரிய வேணாம்."

"தாராளமா உக்காருங்க அங்கிள்" என்றாள் அவள்.

எல்லாரும் என்ன ஆனார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நர்மதாவுக்கு முதல் நாள் மாலையே தலை சுற்றத் தொடங்கி, அவள் கேபினை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. ரூபேந்திரன் தன் திருமண நாளன்று மேடையேறி, ஆண் குரல் பெண் குரல் இரண்டையும் தானே பாடினார். ஷர்மினி மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் தூங்கினாள், விழித்துக் கடலைப் பார்த்தாள், மறுபடி தூங்கினாள். கறுத்து, சிரித்த முகமாக ஊர் திரும்பினாள். அய்யாவு இப்போதும் சனிக்கிழமைதோறும் மகேஸ்வரன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் பெயரெல்லாம் இப்போது அவனுக்குத் தெரியும். தேன்மொழி கப்பலில் ஒரு நாளும் அழவில்லை.

மகேஸ்வரன் மட்டும் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. பயணம் முழுவதும் கிளப்பின் வாசலில் இருந்தான். நூலகத்தில் இருப்பதாக வீட்டாரிடம் சொல்லியிருந்தான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அந்தக் கப்பலின் உபசரிப்பை அவன் எங்கேயும் கண்டதில்லை. அவன் உட்கார்ந்த சிறிது நேரத்தில் ஊழியர் யாராவது வந்துவிடுவார்கள். பிலிப்பைன்ஸ்காரப் பையன் ஒருவன் செம்பனை எண்ணெய் பற்றிக் கேட்டான். மகேஸ்வரன் ஒரு முழுக் காலைப்பொழுதும் அவனுக்கு விளக்கினான். இன்னொருத்தி சீட்டாட்டம் கற்றுத்தந்தாள். வண்ணப் பென்சில்களைப் பிரித்துத்தர முடியுமா என்று ஒருவர் கேட்க, அவன் பிரித்துக் கொடுத்தான். கிளப்பின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தேன்மொழி எப்போதாவது நிமிர்ந்து பார்த்துக் கையசைத்துவிட்டு, மறுபடி விளையாடப் போவாள்.

கடைசிக் காலை, கப்பல் சிங்கப்பூரை நெருங்கியபோது, அவன் நன்றி சொல்ல முகப்பு மேசைக்குப் போனான்.

"ரொம்பத் தொல்ல குடுத்திட்டோம்மா. மகளுக்குக் கூச்ச சுபாவம். என்னைப் பாக்காம இருக்கமாட்டா. இத்தன நாள் எப்படியோ சமாளிச்சிட்டீங்க."

புஷ்பவள்ளி புரியாமல் பார்த்தாள்.

"தேனுவா? அவளுக்கு ஒண்ணும் கூச்சம் இல்லையே அங்கிள். மொத நாள் உள்ள வந்ததும் நேரா என்கிட்டத்தான் வந்தா. எங்கப்பாவுக்குத் தனியா இருக்கத் தெரியாது, யாருகிட்டயும் பேசமாட்டாரு, பாவம். யாராச்சும் அவருகூட இருந்தீங்கன்னா நான் நிம்மதியா விளையாடுவேன்னா. அதான் எங்களுக்குள்ள முறை போட்டுக்கிட்டோம்."

மகேஸ்வரன் கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பினான். அவள் அவன் கையை ஆதரவாகத் தட்டினாள்.

"தொல்லையெல்லாம் ஒண்ணும் இல்ல அங்கிள். இந்த ட்ரிப்ல நாங்க பாத்துக்கிட்ட பிள்ளைங்கள்லயே நீங்கதான் ரொம்ப சமத்து."